உறந்தை அரண்மனையும் பதினாறு தூண்களும்

காவிரித் தென்கரையில் சோழர் தலைநகராய் விளங்கிய உறந்தையில் இன்று அரண்மனை எனச் சுட்டத்தக்க சுவர் ஒன்றும் நிற்கவில்லை. 1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான் என அவன் மெய்க்கீர்த்தி கூறும். அவ்வழிவில் ஒரு மண்டபம் மட்டும் எஞ்சிற்று என்பது நம்மனோர் வழிவழியாக எழுதிவரும் செய்தி. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்குக் கரிகாலன் அளித்த பதினாறுகால் மண்டபம் அது. தமிழுக்குத் தலைவணங்கிப் பாண்டியன் அதனை இடியாது விடுத்தான் என்பர். இனிய செய்தியே. ஆயின், இதற்குச் சான்று யாது?

திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் ஒன்றே சான்று. அப்பாடலில் உறந்தையின் பெயர் இல்லை. கரிகாலன் பெயரும் இல்லை. காவிரி நாட்டு மாளிகைகளின் தூண்கள் யாவும் பறிக்கப்பட, பட்டினப்பாலைக்கு அன்று விடப்பெற்ற தூண்கள் பதினாறுமே நின்றன என்னும் அளவிலேயே அது அமைகின்றது. அவற்றை உறந்தையில் நாட்டியவர் பிற்கால ஆராய்ச்சியாளரே!

எண்ணும் ஐயத்திற்குரியது. பாண்டியன் படையெடுப்புக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்திய கலிங்கத்துப்பரணி, பட்டினப்பாலைக்குப் பரிசில் பதினாறு நூறாயிரம் பொன் என்கின்றது. மண்டபத்தை அது கூறவில்லை. பொன்னுக்குரிய பதினாறு பின்னர்த் தூணுக்கு ஏறிற்று என்றே நாம் கருதுகின்றோம். வேறு சான்று கிடைப்பின் இக்கருத்தைக் கைவிடத் தடையில்லை.

கட்டடச் சான்றும் இதற்கு அரணாகின்றது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் 1980 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் செங்கற் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பாணிகளும், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடிதாங்கிகளும் வெளிப்பட்டன. இராசேந்திரன் மாளிகையே மரமும் செங்கல்லும் எனின், அவனுக்குப் பல நூற்றாண்டு முந்தியவன் எடுப்பித்த மண்டபம் 13ஆம் நூற்றாண்டு வரை நிலைத்திருத்தல் அரிது. கல் பெரும்பாலும் இறைவனுக்கே உரியதாயிருந்தது. காவிரிக்கு வடக்கே நாமக்கல்லில் அதியர் குடைவித்த 8ஆம் நூற்றாண்டுக் குடைவரைகளை இன்றும் காண்கின்றோம். அவ்வதியர் வாழ்ந்த மாளிகை ஒன்றேனும் நிற்கக் காணோம்.

இனி, தூண் அனைத்தும் பறித்தான் என்பதும் புலவர் மிகைக் கூற்றே. ஆயிரத்தளியில் சோழர் முடிசூடும் மண்டபத்திலேயே சுந்தரபாண்டியன் வீராபிடேகம் செய்துகொண்டான் என அதே மெய்க்கீர்த்தி கூறுகின்றது. அம்மண்டபம் அன்று நின்றதன்றோ?