இடைவெளியின் பயன்

பேசத் தொடங்குவது எளிது. ஆண்டுக்கணக்கில் பேசியும் சலிப்புறாதிருப்பது அரிது. இவ்வுண்மையை நாம் பட்டே அறிந்தோம். நம் மாணவர் சிலர், பாட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடருக்காக, நாள்தோறும் அரைமணி நேரம் நம் பேச்சைப் பதிவு செய்யத் தலைப்பட்டனர். எழுதி வைத்துக்கொள்ளாமலும் துணை தேடாமலும் நாமும் இசைந்தோம். மூன்றாம் வாரத்தில் குரல் கம்மிற்று. அதனினும் கொடிது, காலையில் கிதாபைத் திறக்கவே மனம் கசந்தது. முப்பதாண்டு ஓதிக்கொடுத்த நமக்கு அதுவரை நேராத நிலை இது.

வாய்மூடியிருந்த அந்நாள்களில் ஓர் ஆங்கிலத் தொடரைக் கேட்டோம். 'இடைவெளியற்ற மெய்யியல் வரலாறு' என்பது அதன் பெயர். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் பின்னர் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரான பீட்டர் ஆடம்சன் 2010ஆம் ஆண்டு தொடங்கியது. அன்னார் அரபு மெய்யியலில், சிறப்பாக அல்கிந்தீயின் நூல்களில் தோய்ந்தவர். கிரேக்கத்துத் தாலீஸில் தொடங்கிச் சிறியோர் பெரியோர் எவரையும் தாண்டிச் செல்லாமல் சொல்வதே அவர் மேற்கொண்ட பணி. மேலைநாட்டார் பலர் இப்னு ருஷ்தோடு முஸ்லிம்களின் சிந்தனை முற்றுப்பெற்றதாக எழுதிவந்தனர். இவரோ முல்லா ஸத்ரா, உதுமானியர், முகலாயர் எனத் தொடர்ந்து செல்கிறார். இந்நேர்மை ஒன்றே இத்தொடரைப் போற்றப் போதுமானது.

இத்துணைப் பெரும் சுமையை அவர் எங்ஙனம் தாங்குகிறார்? அளவறிந்தே தாங்குகிறார். ஒரு பகுதி ஏறத்தாழ 20 நிமிடமே. பேசுவதை முன்னரே எழுதிக்கொள்கிறார். அவ்வெழுத்தே பின்னர் நூலாகிறது. இஸ்லாமிய உலகைப் பற்றிய பகுதிகள் 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தன. ஆக, ஒருமுறை உழைத்தது இருமுறை பயன் தருகிறது. இடையிடையே வேறு அறிஞரை அழைத்து உரையாடுகிறார். தமக்கு முழுப் புலமை இல்லாத இந்திய மெய்யியலுக்கு ஜொனார்டன் கனேரியையும், ஆப்பிரிக்க மெய்யியலுக்குச் சீக்கே ஜெஃபர்ஸையும் துணை சேர்த்தார். ஆகஸ்ட் மாதம் தொடருக்கு விடுமுறை. நம் மத்ரஸாக்கள் ரமளானில் பாடம் நிறுத்துவதை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

குறையும் உண்டு. இப்னு சீனாவின் நுண்ணிய வாதங்கள் 20 நிமிட எல்லைக்குள் மூச்சுத் திணறுகின்றன. ஒட்டகச்சிவிங்கியும் பழைய ஊமைப்பட நகைச்சுவை நடிகரும் அடிக்கடி தலைகாட்டும் வேடிக்கைப் பேச்சு, உஸ்தாதின் முன் மண்டியிட்டு ஓதிய நம் செவிக்கு ஒவ்வாதது. எனினும், நெடுவழி செல்பவர் தம் களைப்பை மறக்கக் கைக்கொண்ட உபாயம் அது எனப் பொறுத்துக்கொண்டோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பற்றிக் கேட்கையில் நம் நெஞ்சு கனத்தது. ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாதின் நிஜாமிய்யாவில் பாடம் சொல்ல முயன்றபோது தமது நா கட்டுண்டதையும், உணவு இறங்காது போனதையும், மருத்துவர் கைவிட்டதையும் இமாமவர்களே தம் 'அல்முன்கித்' நூலில் பதிந்துள்ளார்கள். அது வெறும் உடற்களைப்பன்று; யாருக்காகக் கற்பிக்கிறோம் என்ற கேள்வி உள்ளத்தை உலுக்கிய நிலை. அவர்கள் ஆசனத்தைத் துறந்து வெளியேறினார்கள். ஹிஜ்ரி 499இல் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார்கள். அம்மாமேதையோடு நம்மை ஒப்பிடுவது அடாது. ஆயினும் ஒன்று விளங்கிற்று: எத்தனை பேர் கேட்டனர் என்று நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்த நம் மனமே, குரலுக்கு முன் களைத்துவிட்டிருந்தது.

இடைவெளியற்றது எனப் பெயர் பூண்ட தொடர், ஆண்டுதோறும் இடைவெளி விட்டதாலன்றோ நிலைத்தது! பொருளில் இடைவெளி கூடாது. உழைப்பில் அது வேண்டும். ஒலித்தொடர் நடத்த விழையும் நம் இளைஞர், கருவி வாங்குமுன் இவ்வேறுபாட்டை உணர்வாராக. நாமும் மீண்டும் பேச இசைந்துள்ளோம்: வாரம் ஒருமுறை, 20 நிமிடம், எழுதி வைத்துக்கொண்டு. எத்தனை பேர் கேட்டனர் என்று மட்டும் நம்மிடம் சொல்லலாகாதென மாணவர்க்குக் கூறியுள்ளோம்.