பத்து அரிசி மணிக்கு எவ்வளவு?

போன வருஷம் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில், கழிப்பறை கட்ட 4 லட்சம் வேண்டும் என்று பேச்சு வந்தது. பழைய பெஞ்சுத் தோழன் ஒருத்தன், "நீதான் சாஃப்ட்வேர்ல இருக்கியே, ஆன்லைன்ல கேம் மாதிரி ஏதாவது பண்ணி வசூல் பண்ணலாமே"ன்னு என்னைக் கோத்துவிட்டான். மூணு வாரம் ராத்திரி கண்விழித்துச் செய்தேன். அது எப்படிப் போனது என்பது பிறகு. செய்வதற்கு முன்னால் இந்த வகையில் பேர்பெற்ற சில விளையாட்டுகளைத் தோண்டிப் பார்த்தேன். இந்தக் குறிப்பு பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

முதலில் ஃப்ரீரைஸ். ஜான் பிரீன் என்ற அமெரிக்க நிரலாளர் 2007 அக்டோபரில் தொடங்கியது. இதே ஆள்தான் 1999-ல் 'ஹங்கர் சைட்' என்ற, பொத்தானை அழுத்தினால் சாப்பாடு போகும் தளத்தையும் ஆரம்பித்தவர். ஃப்ரீரைஸ் பிறந்தது தன் மகனை எஸ்ஏடி தேர்வுக்கு ஆங்கிலச் சொற்கள் படிக்கவைக்க. ஒரு சொல், நாலு விடைகள். சரியாகச் சொன்னால் 10 அரிசி மணி தானம். திரையில் ஒரு கிண்ணம், அதில் மணிகள் விழும். அரிசிக்கான காசு பக்கத்தின் அடியில் வரும் விளம்பரத்திலிருந்து. 2009-ல் பிரீன் இந்தத் தளத்தை ஐ.நா. உலக உணவுத் திட்டத்துக்கே கொடுத்துவிட்டார். ஆரம்ப காலத்து அரிசி வங்கதேசத்தில் இருந்த மியான்மர் அகதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக, ஏமாற்று வேலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன்னா அடுத்து கொஞ்சம் கணக்குப் போடப்போகிறேன்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி, அதாவது சுமார் 19,200 மணிகள் என்பது அவர்கள் வைத்திருந்த கணக்கு. கிராமுக்கு 48 மணி. (வீட்டில் தராசில் வைத்து எண்ணினேன். எங்கள் பொன்னி மெலிசு, எண்ணிக்கை நிறையவே கூட வந்தது. வீட்டில் என்ன நினைத்தார்கள் என்பதை விட்டுவிடுவோம்.) ஒரு பதிலுக்கு 10 மணி என்றால், ஒருவரின் ஒரு நாள் சோற்றுக்கு 1,920 சரியான பதில்கள். பதிலுக்கு 5 விநாடி என்று வைத்தாலும் 2 மணி 40 நிமிஷம். 400 கிராம் அரிசி, கிலோ 50 ரூபாய் கணக்கில், 20 ரூபாய். அதாவது ஒரு பதில் ஒரு பைசா.

இதில் என்னை உறுத்தியது தொகை சிறியது என்பது அல்ல. விளம்பரம் கொடுக்கிற காசு அவ்வளவுதான். உறுத்தியது அலகு. கிராமில் சொல்லியிருந்தால் 'கால் கிராமுக்கும் குறைவு' என்று வரும், எவனும் இரண்டாவது கேள்விக்குப் போகமாட்டான். மணி என்று சொன்னதால் பத்து பத்தாக ஏறி, அஞ்சு நிமிஷத்தில் 500, 600 என்று நிற்கிறது. ஆயிரம் மணி என்பது 21 கிராம்தான், ஒரு கைப்பிடிகூட வராது. தளம் திறந்த முதல் நாள் வசூல் 830 மணி. அதையும் அரிசியாகக் கையில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்?

ஆனால் விளையாட்டாகப் பார்த்தால் ஃப்ரீரைஸ் நல்ல வடிவமைப்பு. தொடர்ந்து மூணு சரியாகச் சொன்னால் நிலை ஏறும், ஒன்று தப்பினால் உடனே இறங்கும். அதனால் யாராக இருந்தாலும் தன் அறிவின் விளிம்பிலேயே ஆடுவார். தப்பினாலும் சரியான விடையைக் காட்டும், அதே சொல் கொஞ்சம் கழித்துத் திரும்ப வரும். இது ஒழுங்கான மனப்பாட முறை. (அதே காரணத்தால் தானாகப் பதில் சொல்லும் நிரல் எழுதுவதும் சுலபம். எழுதவில்லை, கை அரித்தது.) முக்கியமாக, ஆடுகிறவனின் பையில் கை வைப்பதில்லை. காசில்லாத வீட்டுப் பையனும் வக்கீல் மகளும் அதே 10 மணிதான் போடமுடியும். என் தீர்ப்பு இதுதான்: நல்ல சொற்பயிற்சி, சுமாரான வசூல். பள்ளிகள் இதைச் சமூக சேவை என்று மதிப்பெண் போட ஆரம்பித்தால் மட்டும் சிக்கல்.

நேர் எதிர் உதாரணம் ஃபார்ம்வில். 2009-ல் ஸிங்கா நிறுவனம் ஹைட்டிக்காக விசேஷ விதைகளை விற்றது. அந்த முதல் சுற்றில் வந்ததில் பாதிதான் தொண்டு நிறுவனங்களுக்கு. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு செய்த சுற்றில் முழுத்தொகையும் போனது. வசூல் என்று பார்த்தால் ஃப்ரீரைஸ் பக்கத்தில்கூட வரமுடியாது, நிஜப் பணம் கொட்டியது. விளையாட்டு? வாடாத பயிர், அவ்வளவுதான். கடையில் பொருள் வாங்குவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கனடாவின் 'டெசர்ட் பஸ் ஃபார் ஹோப்'. டெசர்ட் பஸ் என்பது 1995-ல் முடிக்கப்பட்டு வெளிவராமலே போன ஒரு தொகுப்பில் இருந்த கிண்டல் விளையாட்டு. டூசானிலிருந்து லாஸ் வேகஸுக்குப் பஸ் ஓட்டவேண்டும், மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாது, போய்ச்சேர நிஜமாகவே 8 மணி நேரம். பஸ் வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் கையை எடுக்கவும் முடியாது. சேர்ந்தால் 1 புள்ளி. விக்டோரியா நகரத்து நகைச்சுவைக் குழு ஒன்று 2007-ல் இதை நேரலையில் ஓட்டி, மருத்துவமனைக் குழந்தைகளுக்காக வசூல் செய்தது. முதல் மணி நேரத்துக்கு 1 டாலர். அடுத்த ஒவ்வொரு மணிக்கும் 7 சதவீதம் கூடுதல். காசு வந்தால் ஓட்டியாகவேண்டும்.

இந்த 7 சதவீதத்தை உட்கார்ந்து ரசித்தேன். கூட்டுவட்டி! 100 மணி ஓட்டவைக்க மொத்தம் 12,400 டாலர் போதும். 150 மணிக்கு 3.65 லட்சம். ஒரு முழு வாரம், 168 மணிக்கு, 12 லட்சத்துக்கு மேல். எவ்வளவு கோடி வந்தாலும் ஓட்டுகிறவர்கள் உயிரோடு திரும்புவார்கள், ஆனால் அடுத்த மணி எப்போதும் எட்டுகிற தூரத்தில் இருப்பதாகவே தெரியும். கொடுப்பவர் கொடுக்கிறார், கஷ்டப்படுவது சம்மதித்து வந்த பெரியவர்கள். குழந்தைகள் பெறுகிற இடத்தில் மட்டும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்றால், பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டேன். தஞ்சாவூரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு வரைபடம், சுமார் 400 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஆயிரம் ரூபாய். வகுப்புக்கு ஒரு பஸ், வகுப்புக்கு ஒரு இணைப்பு. அந்த இணைப்பு வழியாக வருகிற காசுக்கு அந்த பஸ் ஓடும். எந்த பஸ் முன்னால் என்று மேலே ஒரு பட்டியல். பட்டியல் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை, யோசிக்கவும் இல்லை.

பத்தாம் நாள் டீச்சர் ஒருவர் கூப்பிட்டார். "சார், பத்தாவது ஏ பஸ் ரொம்ப தூரம் முன்னாடி போயிடுச்சு. எட்டாவது பி திருமயத்துக்கு முன்னாடியே நிக்குது. அந்தப் பசங்க லேப்ல அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டேங்குறாங்க. ஒருத்தன், 'எங்க பஸ் மட்டும் ஏன் மிஸ் ஓடலை'ன்னு கேட்டான். நான் என்ன சொல்றது?"

பத்தாவது ஏ-வில் ஒரு ரைஸ் மில்காரர் மகன் இருந்தான். பதில் அதுதான், அதை எட்டாவது பிள்ளைகளிடம் சொல்லமுடியாது. அவர்களுக்கே தெரிந்திருக்கும் என்பது இன்னும் மோசம்.

அன்று ராத்திரியே பட்டியலைத் தூக்கினேன். எல்லாக் காசுக்கும் ஒரே பஸ். காசு கொடுப்பது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் செய்யவேண்டியது, பஸ் நிற்கிற ஊர்களைப் பிரித்துக்கொண்டு, அந்த ஊரைப் பற்றி அரை நிமிஷம் தங்கள் குரலில் பதிவுசெய்து கொடுப்பது. பஸ் அந்த ஊருக்கு வந்தால்தான் குரல் கேட்கும். குரலைக் கேட்க ஆசைப்பட்டு அமெரிக்காவில் இருக்கிற ஒரு சித்தப்பா திரும்பத் திரும்ப அனுப்பினார். (அவர் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், நல்லவேளை இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான்.)

பஸ் கன்னியாகுமரி போகவில்லை. 2 லட்சத்து 60 ஆயிரத்தில், கோவில்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. மீதியை என்னைக் கோத்துவிட்ட அதே தோழன் ரெண்டு பேருக்குப் போன் போட்டு ஒரே மத்தியானத்தில் வாங்கிவிட்டான். திருமயத்தை எட்டாவது பி எடுத்துக்கொண்டது. பதிவில் ஒரு பையன் கோட்டையைப் பற்றி வேகவேகமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் கண்டக்டர் குரலில், "திருமயம் எறங்கு, திருமயம் எறங்கு, படியில நிக்காத" என்கிறான். பின்னால் மொத்த வகுப்பும் சிரிக்கிறது.