சிக்னல் ஃபுல், நெட் இல்லை

மந்தைவெளியில் ராமகிருஷ்ண மடம் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் ஒரு நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம். முன்பாதி அந்தக் காலத்து வீடு: மெட்ராஸ் டெரஸ் கூரை, பதினான்கு அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. பின்பாதி பிறகு எழுப்பிய நான்கு மாடி கான்கிரீட். இரண்டுக்கும் நடுவில் லிஃப்ட். நோயாளியின் விவரங்களை நர்ஸ்கள் டேப்லெட்டில் ஏற்றுகிறார்கள். வைஃபை சரியில்லை, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

போன அன்று என் கண்ணில் முதலில் பட்டது படிக்கட்டில் நடந்த ஒரு காரியம். இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறும் திருப்பத்தில் ஒவ்வொரு நர்ஸும் ஒரு நொடி நின்று, வைஃபையை அணைத்து, மறுபடி போட்டுவிட்டுத்தான் மேலே ஏறினார். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மூத்த சிஸ்டர் வார்டு வேலையைச் சொல்லிக் கொடுக்கும்போது இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார். “இல்லாட்டி சுத்திக்கிட்டே இருக்கும்மா, சிக்னல் ஃபுல்லாதான் காட்டும்.”

அந்தக் கட்டடத்தில் பதினான்கு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை பெட்டி, இருந்தன. ஆரம்பத்தில் ஆறுதான். புகார் வரும்போதெல்லாம் ஒன்று கூட்டிக் கூட்டிப் பதினான்கு ஆகியிருக்கிறது. நம் ஊரில் வைஃபைக்கு நடக்கும் வைத்தியம் பெரும்பாலும் இது ஒன்றுதான்: இன்னொரு பெட்டி மாட்டு, பவரை முழுசாக வை. இந்த வைத்தியத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்குவது எங்கள் தொழிலில் ஒரு நாகரிகமாகிவிட்டது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதில் பாதி சரி.

சுவர் பொய் சொல்லாது. ரேடியோக் கணக்கில் 3 டெசிபெல் போனால் சக்தி பாதி, 10 போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். பழைய மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளின் தடித்த சுவர்கள் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலில் பேசுவதற்கு அதிகம் மீதி இருக்காது. கான்கிரீட் தளத்துக்குள் கம்பி, எக்ஸ்ரே அறையில் ஈயத் தகடு, லிஃப்ட் கூண்டு முழுக்க இரும்பு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பெட்டியை மாட்டியிருப்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் லிட்டர் தண்ணீர் நல்ல திரைச்சீலை. இப்படிப்பட்ட கட்டடத்தில் “நடுவில் ஒரு பெரிய பெட்டி போதும்” என்கிறவர் சொல்வதுதான் தவறு. தாழ்வாரத்துக்கு ஒன்று, சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பெட்டி கூடத்தான் வேண்டும். பணம் கொடுப்பவருக்கும் இது புரிகிற வைத்தியம். மாட்டியதைக் கண்ணால் பார்க்கலாம், சிக்னல் கட்டை ஏறியதைப் போனில் பார்க்கலாம்.

தப்பு எண்ணிக்கையில் இல்லை. மாட்டிய ஒவ்வொரு பெட்டியும் முழுத் தொண்டையில் கத்துகிறது என்பதில் இருக்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நமக்கு 13 சேனல் என்று பெட்டி காட்டும். அடுத்தடுத்த சேனலுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்; ஒரு சேனல் பேச எடுத்துக்கொள்வதோ சுமார் 20. ஆகவே ஒன்றையொன்று இடிக்காமல் இருப்பவை மூன்றுதான்: 1, 6, 11. பதினான்கு பெட்டியை மூன்று சேனலில் போட்டால் ஒரு சேனலுக்கு நாலைந்து விழும். அவை ஒன்றுக்கொன்று காதில் விழும் தூரத்தில் இருந்தால் ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றவை வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். வைஃபையின் அடிப்படை மரியாதை அது. பெட்டி ஐந்தானாலும் கிடைப்பது ஒரு பெட்டியின் நேரம்தான்.

இதைத் தவிர்க்கிறேன் பேர்வழி என்று சிலர் 3, 8 என்று நடுவில் இருக்கும் சேனலில் போடுவார்கள். அது இன்னும் மோசம். ஆடி மாதம் இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கோயிலில் ஒரே மைக் என்றால் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் வாங்கிப் பேசலாம். இரண்டு தெருவில் இரண்டு அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி கட்டினால் வரிசையும் கிடையாது, ஒரு பாட்டும் காதில் விழாது. பக்கத்துச் சேனலின் பேச்சு பேச்சாகவே புரியாது, வெறும் இரைச்சல். அதனால் யாரும் யாருக்கும் வழிவிட மாட்டார்கள்.

பெட்டிகள் சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு வைஃபை பெயரும் “நான் இங்கே இருக்கிறேன்” என்று நொடிக்குச் சுமார் பத்துத் தடவை அறிவிக்கிறது; சரியாகச் சொன்னால் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. இந்த அறிவிப்பு சுமார் 300 பைட் நீளம் என்று வையுங்கள். பழைய கருவிகளுக்கும் புரியட்டும் என்று மிகக் குறைந்த வேகமான 1 மெகாபிட்டில் அனுப்பினால் ஒன்றுக்கு இரண்டரை மில்லிசெகண்ட் ஆகும். நான் பார்த்த இடத்தில் டாக்டர், ஸ்டாஃப், கெஸ்ட், பில்லிங் என்று நாலு பெயர். ஒரே சேனலில் காதில் விழும் பெட்டிகள் ஐந்து. நாலைந்து இருபது, இருபது இரண்டரை ஐம்பது. நூற்றிரண்டு மில்லிசெகண்டில் ஐம்பது, யாரும் ஒரு வரி அனுப்புவதற்கு முன்பே, பெயர் சொல்வதிலேயே போயாயிற்று. பெட்டி கூட்டக் கூட்ட வைஃபை மந்தமாவதில் மாயம் எதுவும் இல்லை.

சரி, நம் பெட்டிகளை அடக்கிவிடலாம்; பக்கத்து அபார்ட்மெண்டை என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது, சட்டப்படியே. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் திறந்துவிட்ட விதியே, அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்யாதே, உனக்குப் பாதுகாப்பும் கேட்காதே, எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள் என்கிறது. இந்தத் தாராளத்தால்தான் வைஃபை இவ்வளவு மலிந்தது. விலையும் அதுவே. 2012 நவம்பரில் சீனாவின் ஷென்சென் நகரில் மெட்ரோ ரயில்கள் நடுவழியில் நின்றன. பயணிகள் கையில் வைத்திருந்த வைஃபை ஹாட்ஸ்பாட்டும் ரயிலை ஓட்டும் சிக்னல் அமைப்பும் அதே 2.4இல் மோதியதுதான் காரணம். மந்தைவெளியில் நிலத்தடி மெட்ரோவுக்காக அடைத்திருக்கும் தடுப்புகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்தி ஞாபகம் வருகிறது. இங்கே வரும் இரண்டாம் கட்ட மெட்ரோ ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகிறவை.

இனி அந்தப் படிக்கட்டுக்கு வருவோம்.

செல்போன் நெட்வொர்க்கில் எந்த டவரிலிருந்து எந்த டவருக்கு மாறுவது என்பதை நெட்வொர்க் தீர்மானிக்கிறது. போன் அளந்து சொல்லும், உத்தரவு மேலே இருந்து வரும். வைஃபையில் நேர்மாறு: எந்தப் பெட்டியைப் பிடிப்பது, எப்போது விடுவது என்பது போனின் இஷ்டம். ஆப்பிள் தன் ஐபோனின் கணக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. சிக்னல் -70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால்தான் வேறு பெட்டி தேடும். கிடைப்பதும் இப்போதையதைவிட 8 டெசிபெல்லாவது பலமாக இருந்தால்தான் தாவும். மற்ற கம்பெனிகள் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

இப்போது முழுப் பவரில் கத்தும் பெட்டியை நினைத்துப் பாருங்கள். முதல் மாடிப் பெட்டியின் குரல் படிக்கட்டு வழியாக மூன்றாம் மாடிவரை -65இல், அதாவது அந்த வரம்புக்கு மேலேயே, கேட்கிறது. டேப்லெட் எதற்கு மாற வேண்டும்? அதன் கணக்கில் எல்லாம் நலம். ஆனால் டேப்லெட்டின் தொண்டை பெட்டியின் தொண்டையில் பாதிகூட இல்லை. அது பேசுவது கீழே கேட்பதில்லை. போனில் தெரியும் கட்டை பெட்டி சத்தமாகப் பேசுகிறது என்பதை மட்டும்தான் காட்டும். நாம் பேசுவது அங்கே கேட்கிறதா, நமக்கு முன்னால் வரிசையில் எத்தனை பேர் என்பதைக் காட்டாது. ஆக, சிக்னல் எட்டாத மூலையைச் சரிசெய்யப் பவரை ஏற்றியதே படிக்கட்டில் ஒட்டிக்கொள்ளும் நோயாக மாறியிருக்கிறது. நர்ஸ்கள் வைஃபையை அணைத்துப் போட்டதற்கு எங்கள் பாஷையில் ரோமிங் என்று பெயர். கருவி செய்ய வேண்டியதைக் கையால் செய்துகொண்டிருந்தார்கள்.

மாறும் முடிவைப் போனிடமிருந்து பிடுங்கினால் என்ன? இப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர் வடுவூர் பார்கவன். அடையாறை அடுத்த சென்னை ஐஐடியில் படித்துவிட்டு பெர்க்கிலி போனவர். 1994இல் அவர் மூன்று பேரோடு சேர்ந்து எழுதிய மகாவ் என்ற கட்டுரை, கம்பியில்லா வலையில் ஒருவரையொருவர் கேட்க முடியாத இரண்டு கருவிகள் மோதாமல் பேசுவது எப்படி என்று ஆராய்ந்தது. “பேசட்டுமா”, “பேசு”, “வந்து சேர்ந்தது” என்ற அந்தச் சம்பிரதாயத்தின் சாயல் இன்றைய வைஃபையிலும் உண்டு. பதினான்கு அங்குலச் சுவரின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு டேப்லெட்டுகளுக்கு இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. 2002இல் அவரும் சேர்ந்து தொடங்கிய மேரு நெட்வொர்க்ஸ் துணிச்சலான ஒரு காரியம் செய்தது. கட்டடத்தின் எல்லாப் பெட்டிகளும் ஒரே சேனல், ஒரே முகவரி. போனுக்குத் தெரிவதெல்லாம் ஒரே ஒரு பெரிய பெட்டி. எந்தப் பெட்டி பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பின்னால் இருக்கும் கன்ட்ரோலர் முடிவு செய்யும். போன் தாவவே வேண்டாம். தாவுவதற்கு வேறு எதுவும் அதன் கண்ணில் படுவதில்லை.

படிக்கட்டு நோய்க்கு இதைவிட நேர்த்தியான மருந்தை நான் பார்த்ததில்லை. சேனல் திட்டம் போடும் தலைவலியும் போகிறது. ஆனால் எல்லோரையும் ஒரே சேனலில் உட்கார வைத்தால் அந்த ஒரே சேனலின் நேரத்தைத்தான் கட்டடம் முழுக்கப் பங்கு போட வேண்டும். கொஞ்சம் குரல் அழைப்பும் பார்கோடும் ஓடும்வரை போதும். எல்லோர் பையிலும் வீடியோ பார்க்கும் போன் வந்தபின் போதாது. மூளை முழுவதும் ஒரு கம்பெனியின் கன்ட்ரோலருக்குள் இருப்பதும் வாங்குபவருக்குப் பிடிக்காத விஷயம். 2015இல் மேருவை ஃபோர்டிநெட் வாங்கிவிட்டது. சந்தை மறுபக்கம் போயிற்று: பல சேனல், சின்னச் சின்ன வட்டம், முடிவு போனிடமே. அதற்கு உதவியாக 802.11கே, வி, ஆர் என்று மூன்று துணை விதிகள். முதலாவது பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலைக் கொடுக்கும். இரண்டாவது “அங்கே போயேன்” என்று சொல்லிப் பார்க்கும், போன் மறுக்கலாம். மூன்றாவது, மாறும்போது பாஸ்வேர்ட் சரிபார்ப்பை முதலிலிருந்து தொடங்காமல் சுருக்கும். எல்லாமே யோசனைதான், கட்டளை இல்லை.

நான் அங்கே செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அதிலும் குறை உண்டு. இரவு பதினோரு மணிக்கு மேல் ஒவ்வொரு தாழ்வாரமாக நடந்து அளந்தேன். பதினான்கில் மூன்று பெட்டியைக் கழற்றினேன். மிச்சம் பதினொன்றில் நாலைத் தவிர மற்றவற்றில் 2.4ஐ அணைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபருக்குப் பிறகு இந்தியாவில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. வேகம் வேண்டும் என்று 80 அகலத்தில் விட்டால் அவை ஆறேழாகச் சுருங்கும் என்பதால் 20க்கே இறக்கினேன். பவரையும் குறைத்தேன். நாலு பெயர் இரண்டானது. 1 மெகாபிட் போன்ற மெதுவான வேகங்களை மூடினேன்.

மறுநாள் காலை இரண்டு புகார். மருந்தகத்தில் லேபிள் அடிக்கும் பழைய பிரிண்டருக்கு அந்த மெதுவான வேகங்களை விட்டால் வேறு தெரியாது, செத்துப் போயிருந்தது. கேபிள் இழுத்துக் கொடுத்த பிறகுதான் உயிர் வந்தது. இரண்டாவது, நிர்வாகியிடமிருந்து. “ஏன் சார், காசும் வாங்கிட்டு சிக்னலையும் குறைச்சிட்டீங்களே? என் ரூம்ல நாலு கட்டை இருந்துச்சு, இப்ப மூணுதான் வருது.” வேகம் கூடியிருப்பதைக் காட்டினேன். நம்பவில்லை. கட்டை கண்ணுக்குத் தெரிகிறது. காத்திருக்கும் நேரம் தெரிவதில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொட்டேஷனைப் பாருங்கள்: பெட்டி இத்தனை, கேபிள் இத்தனை மீட்டர், ஃபிட்டிங் கூலி. நடந்து அளப்பதற்கு ஒரு வரி கிடையாது. பெட்டி விற்பவருக்குப் பெட்டியில்தான் லாபம். அளந்து பார்த்து மூன்றைக் கழற்றுகிறவனுக்கு யார் காசு கொடுப்பார்கள்? கன்ட்ரோலரே சேனலையும் பவரையும் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விற்கும் வசதி இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. பெட்டிகள் ஒன்றையொன்று கேட்டுச் சரிசெய்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் அவை கேட்பது கூரையிலிருந்து. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், இடுப்பு உயரத்தில், டேப்லெட்டை உடம்போடு அணைத்துப் பிடித்த நர்ஸுக்குக் கேட்பது வேறு. மனித உடம்பும் தண்ணீர்தானே. கன்ட்ரோலர் இல்லாத இடங்களில் கரண்ட் போய்த் திரும்பும்போது எல்லாப் பெட்டியும் ஒன்றாகக் கண்விழித்து, அமைதியாக இருக்கிறது என்று ஒரே சேனலில் போய் விழுவதையும் பார்த்திருக்கிறேன்.

6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸைத் திறப்பதற்கான வரைவு விதியை அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. நல்லதுதான். நெரிசலுக்கு மருந்து. ஆனால் அந்த அலை சுவரை இன்னும் மோசமாகக் கடக்கும். பெட்டி கூடும், கூடினால் படிக்கட்டுகளும் கூடும். பிடிப்பதும் விடுவதும் அப்போதும் போனின் இஷ்டம்தான்.

இரண்டு வாரம் கழித்து அங்கே போனேன். புதுப் பெண் டேப்லெட்டைப் பார்த்தபடியே நிற்காமல் மூன்றாம் மாடிக்கு ஏறிப்போனாள். பின்னால் வந்த மூத்த சிஸ்டர் திருப்பத்தில் நின்று, தன் சொந்த போனை எடுத்து, வைஃபையை அணைத்துப் போட்டார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். “டேப் எல்லாம் சரியாயிடுச்சு சார். இது மட்டும் பழைய போனு, சொன்னா கேக்காது.”