நோயாளரை நோக்கிப் பேசாத சட்டம்

ஒரு சட்டத்தை நூலாகக் கொண்டு விமர்சனம் செய்வது இலக்கியப் பத்திரிகைக்கு உரிய பணிதானா என்று வாசகர் சிலர் ஐயுறக்கூடும். கவிதையையும் நாவலையும் ஆராயும்பொழுது, இது யாருக்காக எழுதப்பட்டது, யாரை நோக்கிப் பேசுகிறது என்று நாம் கேட்கிறோம். மனிதரை அடைத்துவைக்கவும் விடுவிக்கவும் வல்லதொரு நூலிடம் அவ்வினாவை எழுப்பாது விடுதல் எவ்வகையில் நியாயம்? இலங்கையின் மனநோய்கள் கட்டளைச் சட்டம் அத்தகைய நூல். கோப்பித் தோட்டத் துரைமாரின் செல்வாக்கு ஓங்கியிருந்த 1873இல் பிரித்தானிய ஆட்சி அதனை இயற்றியது. இடையிடையே பெயரும் சில சொற்களும் மாற்றம் பெற்றனவாயினும், 2023இல் அது தன் நூற்றைம்பதாவது ஆண்டை எட்டிற்று.

இலக்கண மாணவர் ஒருவர் இந்நூலின் வாக்கியங்களைப் பகுத்துப் பார்ப்பாராயின், எழுவாயாக வருவோர் மாவட்ட நீதிபதியும் பொலிஸ் உத்தியோகத்தரும் மருத்துவருமே என்பதை விரைவில் காண்பார். அவர்கள் கொண்டுவருகின்றனர், விசாரிக்கின்றனர், சான்று பகருகின்றனர், கட்டளையிடுகின்றனர். நோயாளரோ பெரும்பாலும் செயப்படுபொருள். 1956ஆம் ஆண்டுத் திருத்தம் தாமாகவே முன்வந்து சிகிச்சைக்குச் சேரும் நோயாளர் என்றொரு வகையை ஏற்படுத்தியபோதுதான் அவர் ஒருவாறு எழுவாயானார். ஆனால் அவ்வாறு ஆகியிருப்பதை அவரிடம் சென்று சொன்னவர் யார்? நாட்டார் வழக்கில் இன்றும் 'அங்கொடை' என்பது வசைச்சொல். 1926இல் திறக்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரி பின்னாளில் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாறிய பின்னரும் வசை தீர்ந்தபாடில்லை. அங்கே ஒருவர் தம் விருப்பத்தின்பேரிலும் போகலாம் என்ற செய்தி அந்தச் சொல்லின் அருகே வந்து சேரவேயில்லை.

சொல்லைப் பற்றி இன்னுஞ் சிறிது கூறவேண்டும். சட்டத் தமிழில் இந்நோயாளரைச் 'சித்தசுவாதீனம் அற்றவர்' என்பது வழக்கம். பழைய நில ஆவணங்களில் சுவாதீனம் என்றால் கைவசம் வைத்திருத்தல். நிலத்தைச் சுவாதீனப்படுத்திக்கொண்டான் என்று எழுதுவர். தன் சித்தத்தையே கைவசம் வைத்திராதவனுக்குக் காணி எதற்கு, கையெழுத்து எதற்கு என்ற வாதம் அச்சொல்லின் வயிற்றிலேயே கருவாக இருக்கிறது. சொத்துடைமையைக் காப்பதில் கண்ணுங் கருத்துமாயிருந்த ஒரு யுகம் மனநோயைச் சொத்திழப்பின் உருவகத்தால் விளங்கிக்கொண்டதில் வியப்பில்லை. அவ்வுருவகத்தை நாம் இன்னும் சுமந்து திரிவதுதான் வியப்பு.

இந்நூலைப் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் வைத்து வாசித்தால் அதன் மௌனம் மேலும் கனக்கிறது. கற்பிட்டி முதல் முந்தல், உடப்பு, சிலாபம் ஈறாக உள்ள இக்கரையில் தமிழ் பேசும் மீனவரும் தோட்டப்பயிர் செய்வோரும் உப்பளத் தொழிலாளரும் வாழ்கின்றனர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களிற் பெரும்பகுதியினர் வந்தடைந்ததும் இந்த மாவட்டத்தையே. நீண்டகாலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த இம்மக்களிடையே நிகழ்த்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வொன்று, விசாரிக்கப்பட்டோருள் 18.8 விழுக்காட்டினருக்குப் பொதுவான மனநலக் குறைபாடுகள் இருந்தனவெனக் கண்டது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர். வீடும் காணியும் பறிபோனவரிடம் சென்று 'சுவாதீனம்' பற்றிப் பேசுவதன் குரூரத்தை வாசகரே உணர்வர்.

இவர்களுள் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வடமேல் மாகாணத்து நீதிமன்றங்களில் நடவடிக்கையும் பதிவும் சிங்களத்தில் நிகழ்வன. அம்மொழி அறியாதவர்க்குத் தமிழில் உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரசே வழங்கவேண்டுமென்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை விதிக்கிறது. நல்ல விதிதான். ஆயினும் தமக்கு அவ்வுரிமை உண்டென்று அறிந்திருப்பவரே அதனைக் கேட்க முடியும். தம் வாய்ச்சொல்லையே நோயின் அடையாளமாகப் பிறர் கொள்ளும் ஒரு கணத்தில், 'எனக்கு விளங்கவில்லை' என்று அவர் கூறுவது மொழிக் குறையாகக் கேட்குமா, மதிக் குறையாகக் கேட்குமா?

இக்கரைக்கு இது எக்காலமும் இப்படித்தான் இருந்ததென்பதற்கில்லை. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக விளங்கியவர். தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்த அறிஞர். (அவ்வரலாற்றை அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்பது வேறு கதை.) வழக்காடியின் மொழி நீதிபதிக்குத் தெரிந்திருந்த ஒரு காலத்தை இந்த ஊர்கள் கண்டிருக்கின்றன. அதனைப் பொற்காலமென்று நாம் கூறவரவில்லை. அது தனியொருவரின் புலமையால் வாய்த்தது, உரிமையால் வாய்த்ததன்று.

மன்னார் வளைகுடாவின் மறுகரையை ஒருகணம் நோக்குவோம். நோயுற்றோரைத் தெய்வ சந்நிதிகளுக்கு அழைத்துச்சென்று குணம்வேண்டித் தங்கவைக்கும் வழக்கம் இரு கரைக்கும் பொதுவானது. 2001 ஆகஸ்ட் 6ஆந் திகதி, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்துவந்த மனநோயாளர் இல்லமொன்றில் தீப்பற்றி, சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். பதினாறு ஆண்டுகளின் பின்னர், 2017இல் இந்தியா புதிய மனநலச் சட்டத்தை இயற்றிற்று. அதன் 22ஆம் பிரிவு நம் கருத்துக்கு உரியது. எந்த விதியின்கீழ் தம்மைச் சேர்த்தனர், அதனை மீளாய்வு செய்யுமாறு எங்கே விண்ணப்பிக்கலாம் என்பனவற்றை நோயாளருக்கு, அவருக்கு விளங்கும் மொழியிலும் வடிவிலும் தெரிவிக்கவேண்டும் என்கிறது அது. சேர்க்கும் வேளையில் விளங்கிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லையெனில், அந்நிலை வாய்த்ததும் தெரிவிப்பது மருத்துவரின் கடமை. இவ்வொரு விதியில் நோயாளர் நாளை தெளியப்போகும் மனிதராகக் கருதப்படுகிறார். 1873இன் நூலில் அந்த 'நாளை' இல்லை. இந்தியச் சட்டம் ஏட்டில் இருக்குமளவிற்கு ஆஸ்பத்திரி வார்டுகளில் இருக்கிறதா என்பது வேறு வினா; விதி எழுதப்பட்டால் அதனைக் காட்டிக் கேட்கவேனும் முடியும்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கை புதிய சட்டத்தின் தேவையை ஏற்றது. வரைவுகள் எழுதப்பட்டன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் 2016இல் நாடு ஏற்று உறுதிசெய்தது. சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இருக்கும் உரிமைகளே இன்னும் சொல்லப்படாமற் கிடக்கின்றன. தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமன்று. இதனை அறியாமையால், நஞ்சருந்தியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல ஒரு குடும்பம் தயங்குமாயின், அத்தயக்கம் ஓர் உயிரைக் குடிக்கும். நீதிமன்றக் கட்டளையால் அடைத்துவைக்கப்பட்டோரின் நலனையும் கண்காணிக்கும் கடமை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிற்கு உண்டு. வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்க்கு 1978இன் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இவற்றுள் எதையேனும் நம் புனைகதைகளில் ஒரு பாத்திரமாவது அறிந்திருக்கிறதா? தமிழ்ச் சிறுகதையிற் பைத்தியக்காரி தெருவோரத்தில் நின்று சமுதாயத்தின் மனச்சாட்சியாகச் சிரிக்கிறாள். படிமம் என்ற அளவில் அவள் பெரிதும் பயன்பட்டாள். அவளுக்கு ஊர், காணி, வாக்கு, மறுத்துப்பேசும் உரிமை எதுவும் கொடுக்கப்படவில்லை. சட்டம் அவளைப் பொருளாக்கியது, கதை குறியீடாக்கியது. அவளிடம் நேரே பேசவேண்டுமென்று எவர்க்கும் தோன்றவில்லை.

கற்பிட்டியிலும் முந்தலிலும் ஆசிரியராயிருப்போர் இம்மக்களின் பேச்சையும் அரசின் மொழியையும் ஒருங்கே அறிந்தவர்கள். மேற்கூறிய நான்கைந்து செய்திகளை ஒரே தாளில், பெரிய எழுத்தில், 'சித்தசுவாதீனம்' என்ற சொல்லின்றி, 'நீங்கள்' என்று விளித்து எழுதுவது அவர்களுக்கு ஒரு மாலை வேலை. அதனை எழுத்தறியாதார்க்கு வாய்விட்டு வாசித்துக்காட்ட உயர்வகுப்பு மாணவர் போதும். நோயாளர் தெளிந்திருக்கும் நாளில் மீண்டும் ஒருமுறை வாசிக்கவேண்டும். குடும்பத்தாரிடம் மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடலாகாது. கையொப்பமிட்டு அனுப்பிவைப்பவர் பல வேளைகளில் அவர்களே.