வகுப்பறையும் கூட்டு மனவடுவும்

2009இல் முடிவுற்ற போரில் வன்னி மக்கள் எய்திய உளப்பாதிப்பை, உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தனியாள் நோயாக மட்டும் கொள்ளாது, 2010இல் வெளியான கட்டுரையில் ‘கூட்டு மனவடு’வாக ஆராய்ந்தார். குடும்பமும் ஊரும் சிதைந்தமையும் அவ்வடுவின் கூறே என்பது அவர் கருத்து. கல்வியுலகம் இதனை உரியவாறு உள்வாங்கிற்றா என்பதே வினா.

செட்டிகுளம் மனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்த சிறார்களும் 2009 ஓகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றினர். கல்வி அறுபடவில்லை என்பதற்கு அது சான்று. உள்ளம் ஆறிற்று என்பதற்கன்று. பெறுபேற்றையே அளவுகோலாக்குவோர் இவ்வேறுபாட்டை மறக்கின்றனர்.

மாணவனை ஆலோசனை ஆசிரியரிடம் அனுப்பிவிட்டு வகுப்பறையிற் பிரம்பை ஓங்குதல் முரணாகும். கூட்டாக நேர்ந்த வடு கூட்டாகவே ஆறவேண்டும். ஆதலின் நாடகமும் சித்திரமும் குழுவிளையாட்டும் பாடத்திற்குப் புறம்பானவையல்ல. அவற்றை நடத்தும் ஆசிரியரும் அதே இழப்பிற் பங்குகொண்டவரே. அவர்க்கு ஆதரவின்றி மாணவர் உளநலம் பேசுதல் வேரை விடுத்துக் கிளைக்கு நீரூற்றுவதாகும்.