முன்றிலும் வேட்டமும்: புறநானூற்று வேட்டுவர் பாடல்கள் - ஒரு மறுநோக்கு

முன்னுரை

சங்க இலக்கியத்தில் வேட்டை என்றதும் வில்லும் அம்பும், வேங்கையும் களிறும், அவற்றை வீழ்த்திய வீரனுமே நம் நினைவில் முதற்கண் எழுகின்றனர். பாடநூல்களும் வழிகாட்டி நூல்களும் இந்நினைவையே வளர்த்து வந்துள்ளன. குறிஞ்சி நிலத்துத் தொழில்களுள் ஒன்றாக வேட்டை பட்டியலிடப்படுகிறது. புறப்பாடல்களில் அது மறத்தின் பயிற்சிக்களமாக விளக்கப்படுகிறது. அவ்வளவில் பாடம் முடிந்துவிடுகிறது. வேட்டைக்குச் சென்றவன் எத்தகைய மனையிலிருந்து சென்றான், அம்மனையில் இருந்தோர் என் செய்தனர், அவன் கொண்டுவந்தது யார் யாருக்குச் சென்றது ஆகிய வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

புறநானூற்றின் பிற்பகுதியில், 320ஆம் பாடல் தொடங்கி அமைந்துள்ள பாடல்களுட் சில, இவ்வினாக்களுக்கே விடை கூறுகின்றன. வேட்டையின் பெருமையை அவை வீழ்ந்த விலங்கின் அளவைக் கொண்டு அளக்கவில்லை. மனையின் முன்றிலைக் கொண்டே அளக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வினா நமக்கு ஏட்டளவில் மட்டும் எழுந்ததன்று. சிலாங்கூர் மாநிலத்து உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த செமினி, ஒருபுறம் காடும் குன்றும், மறுபுறம் பழைய தோட்டங்களும் அவற்றின்மேல் எழுந்த குடியிருப்புகளும் சூழ்ந்த ஊர். இம்மாவட்டத்தில், ஓராங் அஸ்லி என வழங்கப்பெறும் பூர்வக்குடியினருள் ஒரு பிரிவினராகிய தெமுவான் மக்கள் வாழ்கின்றனர். தோட்டப்புறத் தமிழரிடையேயும் நாய்களுடன் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்வதும், கிடைத்த இறைச்சியை லயத்து வீடுகளுக்குக் கூறு போட்டுக் கொடுப்பதும் முதியோர் நினைவில் உள்ள செய்திகள். ஆகவே, செமினி வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு வேட்டுவர் வாழ்க்கை ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செய்தி மட்டுமன்று. அதனை நாம் எவ்வாறு கற்பிக்கிறோம் என்பது, அவன் தன் பாட்டனையும் அயலாரையும் எவ்வாறு மதிக்கப்போகிறான் என்பதோடு தொடர்புடையது.

துறை காட்டும் வழி

புறநானூற்றுக்குக் கிடைத்துள்ள பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. உ.வே. சாமிநாதையர் 1894இல் இந்நூலை முதன்முதலாகப் பதிப்பித்தபோது, அதன் பிற்பட்ட பாடல்கள் பழைய உரையின் துணையின்றியே வெளிவந்தன. அவற்றுட் பல சிதைந்தும் உள்ளன. பின்னர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை போன்றோர் உரை வகுத்தனர் எனினும், முற்பகுதிப் பாடல்கள் பெற்ற பயிற்சியை இவை இன்றுவரை பெறவில்லை. மூவேந்தரையும் வள்ளல்களையும் பாடிய பாடல்கள் மாணவர் நாவில் நிலைத்திருக்க, பெயரறியாச் சீறூர்களைப் பாடியவை ஒதுங்கி நிற்பதற்கு இஃது ஒரு காரணமாகும்.

இப்பாடல்கள் வாகைத் திணையின்பாற் படுவன. இவற்றிற்குரிய துறைகளுள் வல்லாண்முல்லையும் மூதின்முல்லையும் குறிப்பிடத்தக்கவை. வீரன் ஒருவனுடைய இல்லத்தையும் ஊரையும் இயல்பையும் எடுத்துரைத்து அவன் ஆண்மையைச் சிறப்பிப்பது வல்லாண்முல்லை எனப் புறப்பொருள் வெண்பாமாலை விளக்குகிறது. மறக்குடியில் ஆடவர்க்கேயன்றி மகளிர்க்கும் உரிய மறத்தைக் கூறுவது மூதின்முல்லை. இவ்விலக்கணங்களில் இல்லம் முதலிடம் பெறுவது நோக்கத்தக்கது. ஆண்மையைச் சொல்லவந்த புலவன் போர்க்களத்தைக் காட்டாமல் வீட்டைக் காட்டுகிறான். பிற்காலத்து இலக்கண நூலார்க்கும் புலப்பட்ட இவ்வுண்மையை நம் பாடக்குறிப்புகள் விட்டுவிட்டன.

மனையோளின் ஈரச்சம்

வீரை வெளியனார் பாடிய 320ஆம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. முன்றிலில் முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து, பந்தரிட வேண்டாதபடி நிழல் தருகின்றன. யானை வேட்டுவன் அந்நிழலில் ஆழ்ந்து உறங்குகிறான். பிற மான்களைக் கவர்ந்து பிடிப்பதற்காக வளர்க்கப்பட்ட பார்வைப் பிணையொடு, தனித்து வந்த கலைமான் ஒன்று கூடி மகிழ்கிறது. அதனைக் காணும் மனையோளுக்கு இரண்டு அச்சங்கள்: கணவன் விழித்துவிடுவானோ என்பது ஒன்று, கலை தன் பிணையை விட்டு நீங்கிவிடுமோ என்பது மற்றொன்று. ஆகவே அவள் அசையாது நிற்கிறாள். அந்நேரத்தில், மான்தோலில் உலர்த்தியிருந்த தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்து உண்கின்றன.

இப்பாடலை வேட்டுவமகளின் அருளுடைமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அது பொருந்துவதே, ஆயினும் போதாது. பார்வை விலங்கு என்பது வேட்டைக் கருவி. அக்கருவி தன் பணியைச் செவ்வனே செய்துவிட்டது. இரை வாயிற்படிக்கே வந்துவிட்டது. வேட்டுவன் எழுந்தால் வேட்டை எளிதில் முடியும். அத்தருணத்தில் வேட்டையை நிறுத்திவைப்பவள் வேட்டுவன் மனைவியே. அதற்கு அவள் கொடுக்கும் விலை குடும்பத்தின் உணவாகிய தினை. தினை உலரும் தோலும் முன்னொரு நாள் வேட்டையில் வீழ்ந்த மானுடையது என்பதையும் சேர்த்து நோக்கினால், புலவர் இங்கு வேட்டையை மறைக்கவுமில்லை, மென்மைப்படுத்தவுமில்லை என்பது தெளிவாகும். கொல்வதும் கொல்லாது விடுவதும் ஒரே முன்றிலில் நிகழ்கின்றன. எப்பொழுது எது நிகழவேண்டும் என்பதை மனை தீர்மானிக்கிறது.

இவ்விழப்பிற்குப் பின்னரும் அவ்வூரில் விருந்து குறையவில்லை. சுற்றத்தோடு இனிது உண்டு, தங்கிச் செல்லுமாறு பாணன் அழைக்கப்படுகிறான். விருந்தினனாகிய பாணனும் குடும்பத்தோடு வருபவன் என்பது இங்குக் கருதத்தக்கது.

சிறாரும் கூறும்

ஆலத்தூர் கிழாரின் 324ஆம் பாடல் வேட்டுவச் சிறாரைக் காட்டுகிறது. காட்டுப்பூனை போன்ற வெருண்ட பார்வையும், பறவை ஊன் தின்று புலால் நாறும் வாயும் உடைய அவர்கள், நுண்ணிய கோலில் முள்ளைச் செருகி அம்பு செய்கின்றனர். வளாரை வளைத்து வில் செய்கின்றனர். பருத்தி வேலியில் எலியைக் குறிபார்க்கின்றனர். விளையாட்டே தொழிற்கல்வியாகும் இக்காட்சியில் பருத்தி வேலியை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பருத்தி விளையும் ஊர், வேட்டை ஒன்றையே நம்பி வாழும் ஊராக இருத்தல் இயலாது. ‘வேட்டுவர்’ என்னும் ஒற்றைச் சொல்லால் நாம் வரைந்துவைத்துள்ள சித்திரத்தைப் புலவரின் வேலியே கலைத்துவிடுகிறது.

தங்கால் பொற்கொல்லனாரின் 326ஆம் பாடலில் அதே காட்டுப்பூனை இரவில் பகையாக வருகிறது. அதற்கு அஞ்சி அலறும் இளம்பேடை, நூற்கும் பருத்திப் பெண்டு எழுந்து ஏந்திய சிறுவிளக்கின் ஒளியில் சேவலைக் கண்டு அமைதியடைகிறது. அப்பாடலிலேயே, நெடுந்தொலைவு செல்லாது அருகிலுள்ள மடுவில் சிறுவர் பிடித்துவந்த உடும்பின் இறைச்சியைத் தயிரொடு கூட்டிச் சமைத்து, மனையோள் பாணரையும் பிற விருந்தினரையும் ஓம்புகிறாள். தந்தை கொண்டுவரும் பெருவேட்டை மட்டுமன்றி, சிறுவர் கொண்டுவரும் சிறுவேட்டையும் அடுப்பில் ஏறுகிறது. முதிய பெண்ணின் விளக்கு, சிறுவரின் உடும்பு, மனைவியின் சமையல் ஆகியவற்றைக் கூறிய பின்னரே கணவனின் வீரத்திற்குப் பாடல் வருகிறது.

உறையூர் முதுகண்ணன் சாத்தனாரின் 325ஆம் பாடல் வறுமையை வெளிப்படையாகச் சொல்கிறது. மழை பெய்து குழியில் தேங்கிய சிறுநீர்மையைப் பசு குடித்துவிட, எஞ்சிய சேற்றைக் கிளறி ஊறும் கலங்கல் நீரை மக்கள் முறைவைத்து உண்கின்றனர். முளவுமாவைக் கொன்ற ஆடவர், உடும்பின் தசையைச் சிறுமனை முன்றிலில் கூறு செய்கின்றனர்; தீயில் இட்ட நிணத்தின் மணம் தெருவெங்கும் பரவுகிறது. நீர்க்கு முறை, இறைச்சிக்குக் கூறு. பகிர்வின் ஒழுங்கு செல்வத்தில் பிறந்ததன்று, பற்றாக்குறையில் பிறந்தது என்பதை இப்பாடல் சொல்லாமற் சொல்கிறது. ‘கூறு’ என்னும் அச்சொல் இன்றும் நம் தோட்டப்புற வழக்கில் அதே பொருளில் நிலவுவதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம்.

காட்டிடை விருந்து

மனையின் இவ்வொழுங்கு முன்றிலோடு நிற்பதில்லை. காட்டிற்கும் உடன் செல்கிறது. 150ஆம் பாடலில் வன்பரணர், தாமும் சுற்றமும் வழிநடை வருத்தத்தோடு பலாமர நிழலில் தங்கியிருந்தபோது, மான் வேட்டைக்கு வந்த ஒருவன் எதிர்ப்பட்டதைக் கூறுகிறார். காட்டில் பிரிந்துபோன தன் இளையர் வந்து சேருமுன்னரே, அவன் தானே தீக்கடைந்து ஊன் சுட்டு, சுற்றத்தோடு உண்ணுமாறு தருகிறான், அணிகலன்களும் அளிக்கிறான். நாடும் பேரும் வினவியபோது விடை கூறவில்லை. அவன் கண்டீரக் கோப்பெருநள்ளி என்பதை வழியில் பிறர் கூறவே புலவர் அறிகிறார். வேட்டையில் முதற்பங்கு பசித்த அயலார் குடும்பத்திற்கு என்னும் அறத்தை, பெயர் கூறாமை மேலும் உயர்த்துகிறது.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் எயினர் குடியிருப்பும் இவ்வாறே அமைகிறது. ஈந்தின் இலை வேய்ந்த குடிலில், ஈன்ற பெண் குழந்தையோடு மான்தோலில் படுத்திருக்க, ஏனைய மகளிர் புல்லரிசி அகழச் செல்கின்றனர். நள்ளிரவில் பன்றி வேட்டை வாய்க்காவிடின், பகலில் நாயும் வலையுமாகச் சென்று முயலை வளைக்கின்றனர் ஆடவர். வேட்டை தோற்கும் நாளும் உண்டு. அந்நாளில் மகளிர் அகழ்ந்த புல்லரிசியே குடும்பத்தைக் காக்கும் என்பது இவ்வடுக்கில் உணரக் கிடக்கிறது.

படிநிலையா, உடனிருப்பா?

க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வில் சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாக விளக்கினார். கா. சிவத்தம்பி திணைக் கோட்பாட்டைச் சமனற்ற சமூக வளர்ச்சியோடு இணைத்து ஆராய்ந்தார். இவ்விரு ஆய்வுகளும் தமிழாய்வுக்குப் புதுநெறி காட்டியவை. ஆனால் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தபோது இவை ஓர் ஏணியாகச் சுருங்கின: வேட்டை முதற்படி, மேய்ச்சல் இரண்டாம் படி, உழவு உயர்படி. சமனற்ற வளர்ச்சி என்னும் கருத்து, வெவ்வேறு வாழ்முறைகள் ஒரே காலத்தில் அருகருகே நிலவியதையே உணர்த்துகிறது. கோவூர் கிழாரின் 33ஆம் பாடலில் வேட்டுவன் மான்தசை கொணர்ந்த வட்டியையும், ஆய்மகள் தயிர் கொணர்ந்த தசும்பையும், உழவர் மனை மகளிர் வெண்ணெல்லால் நிரப்பி அனுப்புகின்றனர். மூன்று வாழ்முறைகளும் ஒரே வாயிலில் சந்திக்கின்றன. இங்குப் படியேதும் இல்லை, பண்டமாற்று உண்டு.

இதனை இன்றைய சட்டத்தோடு ஒப்புநோக்குதல் பயன்தரும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பன்றி உள்ளிட்ட குறித்த சில விலங்குகளைப் பூர்வக்குடியினர் தம் உணவிற்காகவும் தம் குடும்பத்தார் உணவிற்காகவும் வேட்டையாட இடமளிக்கிறது. அவற்றை விற்கவோ மாற்றவோ கூடாது என்றும் விதிக்கிறது. சட்டமும் வேட்டையைக் குடும்பத்தைக் கொண்டே அளக்கிறது. வனவிலங்கு வணிகத்தைத் தடுக்க அவ்விதி வேண்டற்பாலதே. எனினும் அதன்படி 150ஆம் பாடலின் விருந்து எவ்வாறு கருதப்படுமோ, 33ஆம் பாடலின் வட்டி நெல் பெற்றுத் திரும்புதல் இயலாது. வேட்டுவக் குடிக்கும் அயற்குடிக்கும் இடையில் இருந்த வாயில் ஒன்று மூடப்பட்டுள்ளது. அவ்வாயிலுக்கு ஈடாக நாம் எதனைத் திறந்துவைத்துள்ளோம் என்பதே எஞ்சும் வினா.

நோக்கின் எல்லைகள்

நம் கருத்துக்கும் எல்லைகள் உண்டு. இப்பாடல்களில் வேட்டுவர் பேசவில்லை. பரிசிலை நாடிச் சென்ற புலவரே பேசுகின்றனர். விருந்தோம்பலை மிகுத்துக் கூறுவதில் அவர்க்குப் பயனுண்டு. புல்லரிசி அகழும் மகளிர் தம் உழைப்பைப் பற்றி என்ன எண்ணினர் என்பதற்குப் பாடல்களில் இடமில்லை. விலங்கை எய்த அதே வில் ஆநிரை கவரவும் ஆறலைக்கவும் பயன்பட்டதைப் பிற பாடல்கள் மறைக்கவில்லை. ஆதலின் இவ்வாழ்க்கையைப் பொற்காலமாகப் புனைவது, அதனை நாகரிகமற்றதெனத் தள்ளுவதற்கு இணையான பிழையாகும். தெமுவான் மக்களைச் சங்ககாலத்தின் எச்சமாகக் காட்டுவதும் அத்தகையதே. அவர்கள் நம் காலத்தவர். தமக்கெனத் தனி மொழியும் வரலாறும் உடையவர்கள்.

முடிவுரை

புறநானூற்று வேட்டுவர் பாடல்கள் வேட்டையை வீட்டிலிருந்து தொடங்கி வீட்டிலேயே முடிக்கின்றன. அசையாது நின்ற மனையோளும், முள்ளம்பு செய்த சிறுவரும், விளக்கேந்திய பருத்திப் பெண்டும், முறைவைத்து நீருண்ட ஊராரும் இன்றி வில்லேந்தியவனுக்குப் பாடலில் இடமில்லை. இப்பாடல்களைக் கற்பிக்கும்போது ‘குறிஞ்சி நிலத் தொழில் யாது?’ என்னும் வினாவோடு நில்லாமல், ‘கொண்டுவந்தது யாருக்கெல்லாம் சென்றது?’ என்றும் தமிழாசிரியர்கள் வினவுதல் வேண்டும். செமினி போன்ற ஊர்களில் அவ்வினாவிற்கு விடைகூறத் தக்க முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். மாணவர்கள் அவர்களிடம் சென்று கேட்டு வருவராயின், உரையின்றி நிற்கும் இப்பாடல்களுக்கு அதுவும் ஓர் உரையாக அமையும்.