எழுவாய் தொலைந்த வாக்கியங்கள்

2006 ஜனவரி 2ஆம் திகதி இரவு எட்டரை மணியிருக்கும். உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு நகரத்திலிருந்து மாமா டெலிபோன் எடுத்தார். உம்மாதான் பேசினார். றிசீவரை வைத்துவிட்டு, "கடக்கரையில படிக்கிற பொடியனுகளச் சுட்டுப் போட்டானுகளாம்" என்றார். வாப்பா வாசல் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க. நமக்கென்னத்துக்கு அந்தக் கதை?" என்றார்.

அந்த வருடக் கடைசியில், நான் எழுத்துவேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறு வெளியீட்டுக்காக ஆண்டுக் குறிப்பு எழுதினேன். அதில் ஒரு வரி: 'ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் உயிரிழந்தனர்.' எழுத்துப் பிழையோ தகவல் பிழையோ இல்லாத வரிதான். ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு அதை எடுத்துப் படித்தபோது வெட்கமாக இருந்தது. உம்மாவின் பேச்சில் இருந்த ஒன்று என் எழுத்தில் இல்லை.

உம்மா 'சுட்டுப் போட்டானுகள்' என்றார். தமிழ் வினைமுற்றுக்கு ஒரு குணம் உண்டு. எழுவாயைத் தனியே சொல்லாவிட்டாலும் விகுதி அதைச் சுமந்து வரும். செய்தவன் ஒருவனா பலரா, அவர்களுக்கு மரியாதை உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்த 'ஆனுகள்' என்பதற்குள் அடங்கிவிடுகிறது. கடைசியில் ஒட்டிய 'ஆம்' மட்டும்தான் அச்சத்தின் அடையாளம். நானோ 'உயிரிழந்தனர்' என்று எழுதினேன். அந்த வாக்கியத்துக்கும் எழுவாய் உண்டு, அது இறந்தவர்கள். உயிரை இழக்கும் வேலையைச் செய்தவர்களும் அவர்களே என்றாகிறது. சுட்டவருக்கு அங்கே இடமே இல்லை.

'உயிரிழந்தனர்', 'பலியாகினர்', 'கொல்லப்பட்டனர்', 'சுட்டுக் கொன்றனர்' என்று நம் செய்தித் தமிழில் நான்கு படிகள் உண்டு. எந்தச் சாவுக்கு எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை வைத்து ஒரு பத்திரிகையின், ஒரு சமூகத்தின் அரசியலைச் சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை அந்தப் படிகளைப் பற்றியது.

முதலில் நடந்தது. காந்தி சிலையடியில் கடற்காற்று வாங்க உட்கார்ந்திருந்த இளைஞர்கள் மீது, பச்சை நிற முச்சக்கர வண்டியிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. காயப்பட்டுக் கிடந்தவர்களைச் சீருடையினர் சூழ்ந்தனர். துப்பாக்கிச் சூடு நடந்தது. மனோகரன் ரஜீகர், யோகராஜா ஹேமச்சந்திரன், லோகிதராஜா ரோகன், தங்கத்துரை சிவானந்தா, சண்முகராஜா கஜேந்திரன் ஆகிய ஐவர் இறந்தனர். எல்லோருக்கும் இருபது வயதளவு. அவர்கள் புலிகள், தாங்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே செத்தார்கள் என்பது அரச தரப்பு முதலில் சொன்ன கதை.

அந்தக் கதையை உடைத்தது படங்கள். சுடர் ஒளி பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தலையில் பாய்ந்த சன்னங்களின் காயம் தெரிந்தது. மரண விசாரணையும் துப்பாக்கிக் காயங்களையே சொன்னது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் சுகிர்தராஜனையும் சுட்டுக் கொன்றார்கள். ரஜீகரின் தந்தை டொக்டர் காசிப்பிள்ளை மனோகரன் பிறகு ஒரு விஷயத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். மகனின் உடலைத் தருவதற்கு, அவன் புலி என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார்களாம். அவர் மறுத்தார். பின்பு நாட்டைவிட்டே போக நேர்ந்தது.

கொலை முடிந்த கையோடு ஒரு பிரதி எழுதப்படுகிறது என்பதை இது காட்டுகிறது. பிரதியை எழுதுபவர்கள் துப்பாக்கி வைத்திருப்பவர்கள். அதற்குத் தகப்பனின் கையொப்பம் தேவைப்படுகிறது. அதற்கு எதிரான பிரதியை, ஒரு படமாக இருந்தாலும் கூட, வெளியிடுபவர் உயிரோடு இருப்பதில்லை.

உடலாகம ஆணைக்குழு இந்தச் சம்பவத்தையும் விசாரித்தது. 2015இல்தான் அதன் அறிக்கை வெளியானது. சீருடையினரின் பங்கு பற்றி வலுவான சந்தேகத்துக்கு இடமுண்டு என்பது அதன் கருத்து. 2013இல் விசேட அதிரடிப் படையினர் 12 பேர் கைதாகினர். 2019 ஜூலை 3ஆம் திகதி திருகோணமலை நீதிவான் நீதிமன்றம், போதிய சாட்சியம் இல்லையென 13 பேரை விடுவித்தது. முக்கிய சாட்சிகள் வெளிநாட்டில். வந்து சொல்லப் பயம். விடுவிக்கப்பட்டவர்களைக் குற்றவாளிகள் என்று நானும் எழுதவில்லை. ஆனால் அந்த ஐவரைச் சுட்டது கடலலை இல்லை. வழக்கு முடிந்தாலும் வாக்கியம் முடியவில்லை.

இங்கே விசேட அதிரடிப் படை என்பது என்ன என்று பார்க்கவேண்டும். நம்மில் பலர் அதை இராணுவம் என்றே நினைத்திருக்கிறோம். சட்டப்படி அது பொலிஸ். 1980களின் தொடக்கத்தில் உருவான அதற்கு 1984 முதல் பயிற்சி கொடுத்தது கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் கூலிப்படை நிறுவனம். கீனி மீனி சேர்விசஸ் என்பது அதன் வேடிக்கையான முழுப்பெயர். பிரித்தானிய விசேட படையிலிருந்து விலகியவர்கள் நடத்தியது. ஃபில் மில்லர் பிரித்தானிய அரச ஆவணங்களைத் தோண்டி 2020இல் இதைப் புத்தகமாக எழுதினார். அதே வருடம் லண்டன் பொலிஸ் அந்த நிறுவனம் பற்றிப் போர்க்குற்ற விசாரணை தொடங்கியது.

மில்லரின் புத்தகத்தை ஒரு இரகசியக் கதைபோலப் படித்துவிட்டு வைத்துவிடலாம். நான் அதில் வேறொன்றைப் பார்த்தேன். பொலிஸ்காரனுக்கு எதிரே நிற்பவன் சந்தேக நபர். அவனைப் பிடித்து நீதவான் முன் நிறுத்துவதே வேலை. சிப்பாய்க்கு எதிரே நிற்பவன் எதிரி; அவனை வீழ்த்துவதே வேலை. பொலிஸுக்குச் சிப்பாயின் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தால், பெயர்ப்பலகையில் 'சந்தேக நபர்' என்று இருக்கும். கண்ணுக்கு எதிரியே தெரிவான். இதன் வேர் இன்னும் பழையது. வெள்ளைக்காரன் இங்கே பொலிஸை அமைத்தபோது அயர்லாந்தை அடக்கிவைத்த ஆயுதப் பொலிஸின் சாயலில் அமைத்தான். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

யுத்தம் முடிந்தது. பயிற்சி முடியவில்லை, அந்தப் பிரதியும் முடியவில்லை. தெற்கில் அது வேறு பாத்திரங்களோடு தொடர்கிறது. 2020 ஒக்டோபரில் மாகந்துரே மதூஷ் மாளிகாவத்தையில் இறந்தார். 2021 மே மாதத்தில் 'ஊரு ஜுவா', கொஸ்கொட தாரக ஆகிய இருவரும் சில நாள் இடைவெளியில் இறந்தனர். மூவரும் பொலிஸ் காவலில் இருந்தவர்கள். இவ்வகைக் கதைகளை அடுக்கிவைத்துப் படித்தால், ஒரே கதாசிரியர் எழுதியது போலிருக்கும். அதிகாலை நேரம். ஒளித்துவைத்த ஆயுதத்தையோ போதைப்பொருளையோ காட்ட அழைத்துச் செல்வார்கள். அவர் தாக்க முயல்வார், அல்லது எங்கிருந்தோ யாரோ சுடுவார்கள். கைவிலங்கோடு இருந்தவர் மட்டும் சாவார். கதாபாத்திரத்துக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கும். அதைக் கேட்டவுடனேயே வாசகருக்கு அனுதாபம் போய்விடும்.

"அவனுகள் கொலைகாரனுகள்தானே, செத்தா என்ன?" என்று தேநீர்க் கடையில் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. போதைப்பொருளால் பிள்ளையை இழந்த வீடுகள் நம் ஊரிலும் உண்டு. ஆனால் இலங்கையில் 1976க்குப் பிறகு நீதிமன்றத் தீர்ப்பின்படி யாரையும் தூக்கிலிடவில்லை. நீதிபதிகள் எழுதும் மரண தண்டனை நிறைவேறாத நாட்டில், தீர்ப்பே இல்லாத தண்டனை ஒரே இரவில் நிறைவேறுகிறது. ஓர் உயிரைக் காப்பதற்கு வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லும் நோக்கோடு சுடலாம் என்று ஐ.நா.வின் 1990ஆம் ஆண்டுக் கோட்பாடுகள் சொல்கின்றன. விலங்கிட்டவரைச் சுட்டுவிட்டு அந்தக் கோட்பாட்டுக்குள் நுழைவது கடினம்.

இனி நம் வீட்டுக்குள் வருகிறேன்.

கிழக்கு முஸ்லிம்கள் பலருக்கு எஸ்.டி.எஃப். மீது ஒரு நன்றி இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஏறாவூரில் வீடு புகுந்து கொன்றார்கள். அதே வருடம் ஜூனில், சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைக் கொன்றார்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். இவற்றை நாம் எழுவாயோடுதான் எழுதினோம். சரியாகவே எழுதினோம். யார் செய்தது என்பதில் நமக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அந்த நன்றியே பிறகு நம் வாக்கியங்களைத் தின்றது. பாதுகாப்புத் தருகிறவன் அடுத்த தெருவில் செய்வதைப் பார்க்காமலிருப்பது ஒரு ஒப்பந்தம்போல ஆனது. அந்த ஒப்பந்தம் நம்மைக் காப்பாற்றவும் இல்லை. 2006 செப்டெம்பரில் பொத்துவில் பக்கம் வேலைக்குப் போன 10 முஸ்லிம் கூலித் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அரசு புலிகளைக் காட்டியது, ஊரார் எஸ்.டி.எஃப். மீது சந்தேகப்பட்டு, சுயாதீன விசாரணை கேட்டுப் போராடினர். இதை நான் செயப்பாட்டு வினையில்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் எழுவாயை நிரப்பும் விசாரணை நடக்கவில்லை. தெரியாததால் எழுவாயை விடுவது வேறு. தெரிந்தும் பயத்தால் விடுவது வேறு. 2006இன் என் ஆண்டுக் குறிப்பு இரண்டாவது வகை.

2018 மார்ச்சில் திகன பள்ளிவாசலுக்குள் அதிரடிப் படையினர் தாக்கியதை சிசிடிவி காட்சிகளை வைத்து ரொய்ட்டர்ஸ் எழுதியது. 2020 மே மாதம் மன்னார் இளைஞர் அஹ்னாப் ஜஸீமை அவருடைய 'நவரசம்' கவிதைத் தொகுப்புக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். வன்முறையை மறுக்கும் கவிதைகளில் தீவிரவாதம் இருப்பதாகப் பொலிஸ் வாசித்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கடற்கரையில் உட்கார்ந்திருந்த மாணவனைப் புலியாக வாசித்த அதே கண்தான் கவிஞனைத் தீவிரவாதியாக வாசித்தது. முதல் வாசிப்பை நாம் கேள்வி கேட்கவில்லை. இரண்டாவது வாசிப்பு நம் வீட்டுக் கதவைத் தட்டியபோது கலங்கினோம்.

நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' எழுதினார். நூலகத்தை எரித்ததை அவர் புத்தரையே சுட்டுக் கொன்றதாக மாற்றினார். சுட்டவர்கள் சீருடை கழற்றி வந்த பொலிஸார் என்பதைக் கவிதை ஒளிக்கவில்லை. கொன்றபின் பட்டியலைப் பார்த்து, பெயர் இல்லையே என்று அதிகாரம் தடுமாறுவதையும், தடயத்தை அழிக்க அவசரப்படுவதையும் அது காட்டுகிறது. கொலைக்குப் பிறகு அதிகாரம் பார்க்கும் காகித வேலை எல்லாம் அந்தச் சின்னக் கவிதைக்குள் இருக்கிறது. எரிந்தது தன் ஊர் நூலகமா என்று அந்த முஸ்லிம் கவிஞர் கணக்குப் பார்க்கவில்லை. அக்கவிதையின் வலிமை உருவகத்தில் இருக்கிறது என்றுதான் விமர்சகர்கள் பொதுவாகச் சொல்வார்கள். என் அபிப்பிராயத்தில், எழுவாயைத் துணிந்து வைத்ததிலும் இருக்கிறது.

நம் சஞ்சிகைகளில் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். பொலிஸ் அறிக்கையைச் செய்தியாகப் பிரதி பண்ணும்போது, அது பொலிஸ் சொன்னது என்ற சொல்லையாவது விடாதீர்கள். சுட்டது யார், எந்த ஆயுதத்தால், செத்தவரின் கையில் என்ன இருந்தது, மரண விசாரணை என்ன சொன்னது என்று கேட்டு எழுதுங்கள். விடை தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுதுங்கள். செத்தவர் நம்மவரா மற்றவரா என்பதைப் பார்த்து வினைச்சொல்லை மாற்றாதீர்கள்.

என் பழைய வரியைத் திருத்தி, இங்கேயே பதிகிறேன்: 2006 ஜனவரி 2ஆம் திகதி இரவு, திருகோணமலைக் கடற்கரையில், காயப்பட்டுக் கிடந்த தமிழ் மாணவர் ஐவரைச் சீருடையினர் சுட்டுக் கொன்றனர். எந்தச் சீருடையினர் என்பதை எந்த நீதிமன்றமும் இன்றுவரை நிறுவவில்லை. அந்தச் செய்தி வந்த இரவில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தினோம்.

உம்மா இப்போது இல்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.